பத்து கிலோமீட்டர் வானொலியில் என்ன பேசுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். தென்மாவட்டம் ஒன்றில் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருக்கும் சமுதாய வானொலியில் நிகழ்ச்சிப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். சினிமாப் பாட்டைக் குறைத்தால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். ஊர்ப் பேச்சையும் ஊர்க் கலையையும் வைத்து நிலையத்தை ஓட்ட முடியுமா, முடியும் என்றால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் நல்ல எண்ணத்தோடு இதைத் தொடங்கி, செய்கிற விதத்தில் கெடுத்துக்கொண்ட நிலையங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சினிமாப் பாட்டு வழக்கை முடித்துவிடுவோம். உங்களிடம் இருப்பது 50 வாட் டிரான்ஸ்மிட்டராக இருக்கும். ஆன்டெனா அலையைக் குவித்து அனுப்புவதையும் சேர்த்துக் கணக்கிடும் திறன் அதிகபட்சம் 100 வாட், ஆன்டெனா உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்குள். சமவெளியில் ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் வரை கேட்கும், நடுவில் ஒரு மலைக்குன்று நின்றால் அதுவும் போச்சு. இதை வைத்துக்கொண்டு, கிலோவாட் கணக்கில் அனுப்பும் தனியார் எஃப்எம்மோடும், எல்லாப் பாட்டையும் சட்டைப்பையில் வைத்திருக்கும் செல்போனோடும் பாட்டுப்போட்டிக்குப் போவதில் அர்த்தமே இல்லை. நேற்று வந்த பாட்டைக் கேட்க ஒருவர் உங்கள் அலைவரிசைக்கு வரவேண்டிய அவசியம் என்ன? மேலத்தெரு டெய்லர் பேசுகிறார் என்றால் வருவார், அது வேறெங்கும் கிடைக்காது. ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தில் தங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரும் ஊர்ப் பெயரும் வருகிறதா என்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ரேடியோப் பெட்டி முன்னால் காத்திருந்தார்கள். வெறும் பெயருக்கே அந்த வரவேற்பு. உங்களால் குரலையே ஒலிபரப்ப முடியும்.

பேச்சு நிகழ்ச்சியை யார் கேட்பார் என்று கேட்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது ரேடியோ நெல் கதை. 1960களில் ஏடிடீ 27 என்ற புது நெல் ரகம் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தபோது அதைப் பற்றி அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் பண்ணை நிகழ்ச்சிகளில் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தது. விவசாயிகள் அந்த ரகத்துக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாட்டு போட்டு அந்தப் பெயர் வரவில்லை. விதை கையில் இருக்கும் பருவத்தில், வயலுக்குப் போய் வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அவர்கள் மனதில் ஓடிய கேள்விக்கே பதில் வந்ததால் கேட்டார்கள். அதற்கும் முன்பே, 1956இல், புனே நிலையத்தை மையமாக வைத்து மகாராஷ்டிரத்தில் சுமார் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பது, கேட்டு முடித்ததும் தங்களுக்குள் பேசுவது, எழுந்த கேள்விகளை நிலையத்துக்குத் திருப்பி அனுப்புவது. யுனெஸ்கோ உதவியோடு நடந்த அந்த ஏற்பாட்டை இன்றைக்கும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தபாலுக்குப் பதிலாக வாட்ஸ்அப் குரல்பதிவு, அவ்வளவுதான்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியது, இந்தியாவின் முதல் வளாக வானொலி அதுதான். தொண்டு நிறுவனங்களுக்கு இடம் கிடைத்தது 2006இல். உங்களுக்கு அன்றாடம் உதைக்கப்போகிற விதி செய்தித் தடை. செய்தி, நடப்பு அரசியல் விவாதம் கூடாது, அகில இந்திய வானொலிச் செய்தியை வெட்டாமல் ஒட்டாமல் மறு ஒலிபரப்பு செய்யலாம். ஊர்க்குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதைவிட ஊருக்கு வேறென்ன செய்தி என்று எனக்கும் கோபம் வரும்தான், இந்தத் தடை எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையை ஒலிபரப்பில் போட்டு உரிமத்தைத் தொலைக்காதீர்கள். விதிமுறையைப் பொறுமையாகப் படித்தால் செய்தி என்ற கணக்கில் வராதவை என்று ஒரு நல்ல பட்டியலே இருக்கிறது: விளையாட்டு, வானிலை, போக்குவரத்து, திருவிழா, கலை நிகழ்ச்சி, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, மின்சாரம், குடிநீர் போன்ற அறிவிப்புகள், நோய் எச்சரிக்கை, இயற்கைச் சீற்றம். எந்தத் தெருவுக்கு எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பதைத் தினமும் காலையில் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் அந்த அறிவிப்புக்காகவே ரேடியோ திறப்பார்கள், தண்ணீர் விடுகிறவரும் சொன்ன நேரத்துக்கு விடத் தொடங்குவார்.

கிராம சபையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தத் தேதிகளுக்கு முன்பு கிராம சபையில் யார் பேசலாம், தீர்மானம் எப்படி எழுதப்படுகிறது, வரவு செலவுக் கணக்கை எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்று ஒரு கால் மணி நேரம் விளக்குங்கள். எந்தக் கட்சிப் பெயரும் அதற்குத் தேவையில்லை. இன்னும் இரண்டு விதிகள்: நிகழ்ச்சியில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு நீங்களே தயாரித்தது இருக்கவேண்டும், ஒலிபரப்பியதை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். பாட்டாகவே போட்டு ஓட்டலாம் என்கிற உங்கள் நிர்வாகத்திடம் அந்த முதல் விதியைக் காட்டுங்கள்.

இனி நேரம். நிகழ்ச்சி அட்டவணையை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து போடாதீர்கள். ஊரில் யாருடைய கை எந்த நேரத்தில் வேலையாக இருக்கிறது, காது மட்டும் சும்மா இருக்கிறது என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பீடி சுற்றுகிறவர்கள், தறியில் இருப்பவர்கள், பூக்கட்டுகிறவர்கள், தையல் மெஷினில் இருப்பவர்கள், இவர்களால் டிவி பார்க்க முடியாது, ரேடியோ கேட்க முடியும். உங்கள் ஒலிபரப்பு காலை ஆறிலிருந்து எட்டு என்று இருந்தால் சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அமளியுமாக பீடி சுற்றும் பெண்கள் உங்களைக் கேட்கவே போவதில்லை, பதினொரு மணிக்குப் பீடித் தட்டைத் தூக்கி மடியில் வைத்த பிறகுதான் அவர்கள் உங்கள் நேயர்கள். கடலோரம் என்றால் கணக்கே வேறு. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்கென்றே நடக்கும் நிலையம். அந்த மாதிரி இடத்தில் எந்த மீன்பிடி முறைக்கு எந்த நாள் கடலுக்குப் போகிறார்கள், எப்போது கரைக்கு வருகிறார்கள் என்பதுதான் அட்டவணையைத் தீர்மானிக்கும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்காரர் கரையில் இருப்பார், நாட்டுப்படகுக்காரர் போய்க்கொண்டிருப்பார், ஒரே ஊருக்குள் இரண்டு கடிகாரம். உங்கள் நான்கு மணி நேரத்தை இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரித்து, நடுப்பகலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியுமா பாருங்கள். முதல் நாள் போட்டதை மறுநாள் வேறு நேரத்தில் மறுபடி போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரேடியோவே இல்லாத வீடுகள் இருக்கின்றன, அது உண்மையான பிரச்சினைதான். புதிய ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் எஃப்எம் வசதியை எடுத்துவிட்டார்கள், அதை முடக்காமல் வைத்திருக்கச் சொல்லி 2023இல் மத்திய அரசு அறிவுரை கொடுத்தும் பெரிய மாற்றம் கண்ணில் படவில்லை. வசதி இருக்கிற போனிலும் இயர்போன் வயர்தான் ஆன்டெனா, வயர் செருகாமல் எடுக்காது, இதையே பல பேருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். டீக்கடை, சலூன், ரைஸ் மில், பீடிக் கடை என்று பத்து இடத்தில் பழைய செட் ஒன்றைச் சரிசெய்து வைத்துக் கொடுங்கள். போஸ்டர் அடிக்கிற காசு இதற்குச் சரியாகப் போகும்.

சரி, ஆட்களைப் பேசவைப்பது. இதில்தான் எல்லா நிலையமும் தடுக்கி விழுகிறது. அவர்களை ஸ்டுடியோவுக்கு வரச்சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள், வருகிற பாதிப் பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடைத்தமிழோடு வருவார்கள். ‘அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று ஆரம்பிப்பார்கள், அதோடு நிகழ்ச்சி செத்தது. மைக்தான் அவர்கள் இடத்துக்குப் போகவேண்டும். பேட்டி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். கருத்து கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். ‘தண்ணீர்ப் பஞ்சம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்றால் செய்தித்தாளில் படித்ததைத் திருப்பிச் சொல்வார். ‘இந்தக் கிணற்றை வெட்டும்போது எத்தனை அடியில் பாறை வந்தது, யார் வெடி வைத்தது, முதல் தண்ணீர் எப்படி இருந்தது’ என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார், அதற்குள்ளேயே பஞ்சமும் வந்துவிடும். முதல் பத்து நிமிடம் மேடைத்தமிழாகத்தான் இருக்கும், கவலைப்படாமல் ஓடவிடுங்கள். நீங்கள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கத் தொடங்கிய பிறகு வருவதுதான் நிகழ்ச்சி. (அப்போதும் பதிவு ஓடுகிறது என்று சொல்லிவிட வேண்டும். திருட்டுத்தனமாகப் பதிந்ததை ஒலிபரப்பினால் ஊரில் அடுத்த வாய் திறக்காது.)

அறிவிப்பாளர்கள் விஷயத்திலும் ஒன்று. உள்ளூர்ப் பிள்ளைகளை எடுப்பீர்கள், அவர்கள் முதல் வாரமே சென்னை எஃப்எம் ஆர்ஜே மாதிரி மூச்சுவிடாமல் பேச ஆரம்பிப்பார்கள், அந்த ஆசையை வைது அடக்க முடியாது. அவர்கள் வீட்டு அம்மாவிடம் பேசுவதைப் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள், இந்த வேகத்தில் இந்தப் பேச்சில்தான் எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். எடிட்டிங்கிலும் அதே கவனம் வேண்டும். இழுவை, தயக்கம், ‘அப்புறம் பாத்துக்கிடுங்க’ எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டால் ஆளே மாறிப்போவார்.

பேச்சுவழக்கு என்பதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு இரண்டு இடங்களைப் பாருங்கள். தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே மாச்னூரில் 2008 அக்டோபர் 15இல் தொடங்கிய சங்கம் ரேடியோ. தலித் பெண்களே நடத்துவது, நிலையத்தின் முகமாக அறியப்பட்ட ஜெனரல் நரசம்மாவும் அல்கோல் நரசம்மாவும் அந்தப் பகுதிக் கிராமத்துப் பெண்கள். சிறுதானியம், விதை, மாட்டு வைத்தியம், பாட்டு என்று ஓடும், பேச்சு முழுக்க அந்த ஊர்த் தெலுங்கு, படித்த தெலுங்கு அல்ல. நம் பக்கம் நீலகிரியில் ரேடியோ கோத்தகிரி இருளர், குறும்பர் போன்ற பழங்குடி மக்களின் மொழிகளிலேயே நிகழ்ச்சி செய்கிறது. எழுத்தே இல்லாத மொழிக்கு வானொலியைவிடப் பொருத்தமான ஊடகம் வேறு எது?

கலை நிகழ்ச்சிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டு என்று ஒரு தலைப்பு வைத்து, அரை மணி நேரத்தில் தாலாட்டு ஒன்று, நடவுப்பாட்டு ஒன்று, ஒப்பாரி ஒன்று என்று கலவைச் சோறு போடுவார்கள். வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் இடமும் இருக்கிறது, பாடுகிறவர்களுக்கு அது தெரியும், நமக்குத்தான் மறந்துபோகிறது. ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சாவு விழாத வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி பாடக்கூடாது என்பது பல ஊர்களில் உள்ள நம்பிக்கை. ‘பாட்டி, ஒரு ஒப்பாரி பாடுங்க’ என்று திண்ணையில் மைக்கை நீட்டினால் தெரியாது என்றுதான் சொல்வார்கள். வயற்காட்டுக்கோ ஊருக்கு வெளியே ஒரு மரத்தடிக்கோ கூட்டிப்போனால் அதே பாட்டி பாடுவார், பாடும்போது தன் வீட்டுச் சாவு ஞாபகம் வந்து அழுதும்விடுவார். அந்த அழுகையை ஒலிபரப்பலாமா என்று அவரிடமும் பிள்ளைகளிடமும் மறுநாள் போய்க் கேளுங்கள், அன்றைக்கே வாங்கும் சம்மதம் சம்மதம் ஆகாது. அப்புறம், காலை ஏழு மணிக்கு ஒப்பாரி போட்டால் நேயர்கள் உங்களை வைவார்கள், அது அவர்கள் உரிமை. அந்த நம்பிக்கையைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி செய்து, முன்னறிவிப்போடு இரவில் போடுங்கள்.

தாலாட்டும் அப்படியே. தொட்டிலில் குழந்தை இல்லாமல் வராது, குழந்தை இருந்தால் அதன் மாமன் பெயர், மாமன் கொண்டுவரும் சீர் எல்லாம் தானாக உள்ளே வரும், ஒவ்வொரு வீட்டுக்கும் பாட்டு மாறும். வில்லுப்பாட்டு இதற்கு நேர் எதிர். அது மணிக்கணக்கில் ஓடும் கதை, அதை மூன்று நிமிடத் துண்டாக வெட்டிப் போடுவது பாவம். கோயில் கொடைத் திருவிழா நடக்கும்போது கோயில்காரர்களிடமும் கதை பாடும் புலவரிடமும் கேட்டு முழுக்கப் பதிந்து, இருபது நிமிடம் இருபது நிமிடமாகத் தொடர் போடுங்கள், வீட்டுக்குப் போனவர்கள் விட்ட இடத்தைக் கேட்க வருவார்கள். கலைஞருக்குப் பணம் கொடுங்கள். தொழில்முறைக் கலைஞரை ‘உங்கள் கலை நாடு முழுக்கப் பரவும்’ என்று சொல்லிச் சும்மா பாடவைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதிலும் பத்து கிலோமீட்டர் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு.

சாதி. இதைச் சொல்லாமல் கிராமத்தில் வானொலி நடத்துவது பற்றிப் பேசமுடியாது. நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து பதிவு செய்கிறீர்கள் என்பதே யார் பேசுவார் என்பதைத் தீர்மானித்துவிடும். கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். அதனால் முதல் மாதமே காலனியில் போய்ப் பதியுங்கள், அதுவும் பறையடிக்க மட்டும் கூப்பிடாமல், விதை, சமையல், பிள்ளைகளின் படிப்பு, கிரிக்கெட் டீம் என்று எல்லாவற்றுக்கும். சில பழமொழிகளிலும் விடுகதைகளிலும் கதைப்பாடல்களிலும் ஒரு சாதியையோ பெண்களையோ இழிவுபடுத்தும் வரிகள் வரும். பாரம்பரியம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒலிபரப்பாதீர்கள். ஆவணத்தில் முழுதாக இருக்கட்டும், ஒலிபரப்பில் வெட்டுங்கள், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. நிலையத்தில் வேலை பார்க்காத ஊர்க்காரர்கள் ஐந்து பேரைக் கொண்ட நிகழ்ச்சிக் குழு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தெருவிலிருந்தும், பாதிப் பேராவது பெண்கள்.

கேள்வி பதில் நிகழ்ச்சி ஒன்று கட்டாயம் வேண்டும். இலங்கையில் 1989இல் தொடங்கிய கொத்மலை வானொலி, இணையம் யாருக்கும் எட்டாத 1990களின் கடைசியில் ஒரு வேலை செய்தது: நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, தெரிந்தவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒலிபரப்பில் விளக்குவார்கள். அது அரசு ஒலிபரப்பின் கீழ் இருந்த நிலையம்தான், ஆனால் யோசனை அருமை. இன்றைக்குக் கூகுள் எல்லார் கையிலும் இருக்கிறது, இருந்தாலும் ‘எங்க தென்னையில இந்த வருஷம் ஏன் குரும்பை கொட்டுது’ என்பதற்கு உங்கள் ஊர் மண்ணைத் தெரிந்த ஒருவர்தான் பதில் சொல்லவேண்டும். முதலில் அனுபவப்பட்ட விவசாயி, பிறகு வேளாண் அலுவலர், இரண்டு பேரும் முரண்பட்டால் இன்னும் நல்லது.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2024இல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தி, அரசு விளம்பர விகிதத்தை 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக்கினார்கள். பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய் என்று கணக்குப் போட்டு நிர்வாகத்தை மகிழ்விக்கலாம், நிரம்பாது. பாத்திரக்கடை, உரக்கடை, டியூஷன் சென்டர் என்று சின்னச் சின்ன உள்ளூர் விளம்பரம் பிடியுங்கள், அதையும் கடைக்காரர் குரலிலேயே பதியுங்கள். இதைவிட நான் பயப்படுவது திட்டப் பணத்துக்கு. ஏதோ ஒரு அமைப்பு ஊட்டச்சத்து பற்றி ஐம்பது பகுதிக்கு எழுதிவைத்த ஸ்கிரிப்டோடு வரும், பணமும் தரும், ஒப்புக்கொள்வீர்கள். அடுத்து சுகாதாரம், அடுத்து சேமிப்பு. ஒரு வருடத்தில் நிலையம் முழுக்க அறிவுரையாகிவிடும். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கிரிப்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே விஷயத்தை ஊர்க்காரர்களை வைத்து நாங்களே செய்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

எவ்வளவு தொடங்குவது? நான்கு பேர் சம்பளத்துக்கு, கொஞ்சம் தன்னார்வலர்கள் என்றீர்கள். கால் மணி நேரப் பதிவு நிகழ்ச்சி ஒழுங்காக வர, போய்ப் பேசி, பதிந்து, வெட்டி ஒட்ட ஒன்றரை நாள் பிடிக்கும். அதனால் வாரத்துக்கு மூன்று புதுக் கால் மணிகள் போதும், தினமும் காலை அறிவிப்பு, வாரம் ஒரு கேள்வி பதில், ஞாயிறு ஒரு நீளக் கதையோ வில்லோ. மீதி நேரத்துக்குப் பாட்டு போடுங்கள், தாராளமாக, பழைய சினிமாப் பாட்டும் சேர்த்துத்தான், காப்புரிமைக் கட்டணம் மட்டும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் பேச்சு தானாகவே பாட்டைத் தள்ளிக்கொண்டு இடம் பிடிக்கும்.

பதியும்போது ஃபேனை நிறுத்துங்கள், தகரக்கூரையின் கீழ் உட்காராதீர்கள், மைக் வாயிலிருந்து ஒரு சாண். ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, ஊர், தெரு, பாடியவர், யாரிடம் கற்றார், எப்போது பாடுவது என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். மூன்று மாதம் வைத்திருப்பது சட்டத்துக்கு, ஊருக்கு வேண்டுமென்றால் அழிக்கவே கூடாது, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வீட்டில் இருக்கட்டும். என்ன ரெக்கார்டர், என்ன மிக்ஸர் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே, அதைச் சொன்னால் ஒலித்தரம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.